வெந்நீர்க் குளத்துக் குரங்கும் அழகர்மலைக் குரங்கும்: ‘பராகா’ படத்தின் தொடக்கக் காட்சி பற்றி

‘பராகா’ படத்தில் ஒரு வார்த்தை கூடப் பேச்சு கிடையாது. கதை கிடையாது, நாயகன் கிடையாது, பின்னணிக் குரலும் கிடையாது. 24 நாடுகளில் எடுத்த காட்சிகளை இசையோடு கோத்து ஒன்றரை மணி நேரத்துக்குக் காட்டுகிறார் இயக்குநர் ரான் ஃப்ரிக். 1992ல் வந்த படம். தலைப்புக்கு ‘ஆசி’ என்று பொருள். நம்ம ஊர் முஸ்லிம் வீடுகளில் ‘பரக்கத்’ என்று சொல்வார்களே, அதே சொல்தான்.

நாயகன் இல்லை என்று சொன்னேன். ஆனால் படம் பார்த்தவர்களிடம் எது ஞாபகம் இருக்கு என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக ஒரு குரங்கைச் சொல்வார்கள். படம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் அது வந்துவிடும். ஆவி பறக்கும் வெந்நீரில் கழுத்தளவு மூழ்கி உட்கார்ந்திருக்கும் ஒரு ஜப்பானியக் குரங்கு. சுற்றிலும் பனிக்காலம். சிவந்த முகம், ஈர முடி. அது மெதுவாகக் கண்ணை மூடுகிறது. அடுத்து நட்சத்திரங்கள் நிறைந்த வானம். அதாவது, குரங்கு எதையோ நினைக்கிறது, அது நினைப்பது பிரபஞ்சத்தை என்று நாமே முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம். படம் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது மட்டும்தான் அது செய்த வேலை.

அந்தக் காட்சியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அழகான காட்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அழகு எதை வெட்டி எறிந்துவிட்டு நிற்கிறது என்பது முக்கியம். அந்த வெட்டு ஜப்பானோடு நிற்காமல், வில்லாபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய அழகர்மலை வரைக்கும் வருகிறது என்பது என் எண்ணம்.

முதலில் இடம்

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஜிகோகுதானி. பெயருக்கு ‘நரகப் பள்ளத்தாக்கு’ என்று அர்த்தம். பாறை இடுக்குகளிலிருந்து கொதிநீரும் ஆவியும் வருவதால் வந்த பெயர். வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு நாள் அங்கே பனி மூடியிருக்கும். அங்கேதான் ‘ஜிகோகுதானி யாஎன் கோயன்’ என்ற பூங்கா இருக்கிறது. ‘யாஎன்’ என்றால் காட்டுக் குரங்கு. ‘காட்டு’ என்ற சொல் பெயர்ப் பலகையிலேயே இருக்கிறது, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோவில் வேலை பார்க்கும் நம்ம ஐடி ஆட்கள் பலருக்கு இது ஒரு கட்டாயப் பயணம். புல்லட் ரயிலில் நாகானோ, அங்கிருந்து உள்ளூர் ரயிலில் யுதானகா, பிறகு பேருந்து, கடைசியில் பனிக்காட்டுக்குள் அரை மணி நேரத்துக்கு மேல் நடை. பகலில் குரங்கு குளிப்பதைப் பார்ப்பது, ராத்திரி பக்கத்து ஊர் விடுதியில் தாங்களும் வெந்நீர் ஊற்றில் குளிப்பது. திரும்பி வந்தால் எல்லோரிடமும் ஒரே மாதிரிப் படம் இருக்கும்: கண் மூடிய ஒற்றைக் குரங்கு. அதைப் பராகாவின் படம் என்றே சொல்லலாம். ஆளாளுக்குப் போய் அதே சட்டகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

பூங்காவுக்கு ஒரு நேரலைக் கேமரா உண்டு. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே ஐந்தரை. மார்கழியில் அந்த நேரத்துக்குத் தெருக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும். வேலைக்கு உட்காரும் முன் அந்தக் கேமராவை ஒரு பார்வை பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. படத்தில் காணாத பல விஷயங்கள் அதில் தெரிகின்றன. கல் வைத்துக் கட்டிய குளத்தின் விளிம்பு. அதைச் சுற்றி நிற்கும் தடித்த கோட்டு மனிதர்கள், நீட்டிய கைகளில் செல்போன். தரையில் எதையோ பொறுக்கித் தின்னும் குரங்குகள். சில நாள் குளத்தில் ஒரு குரங்குகூட இருக்காது.

வெட்டப்பட்டவை மூன்று

முதல் வெட்டு, குளத்தின் விளிம்பு. படத்தைப் பார்த்தால் இது மனிதக் கை படாத மலை ஊற்று என்றுதான் தோன்றும். உண்மையில் அது குரங்குகளுக்காக மனிதர்கள் கட்டிய தொட்டி. 1963ல் அங்கிருந்த கொராகுகான் என்ற பழைய விடுதியின் திறந்தவெளிக் குளியல் தொட்டிக்குள் ஓர் இளம் பெண் குரங்கு இறங்கியது. தண்ணீரில் மிதந்த தீனியை எடுக்க இறங்கியது என்று சொல்கிறார்கள். பார்த்த மற்றக் குட்டிகள் அதையே செய்தன. மனிதர்கள் குளிக்கிற தொட்டியில் குரங்கும் குளித்தால் சுகாதாரம் என்னாவது? அதனால் குரங்குகளுக்கென்று தனிக் குளம் கட்டினார்கள். 1964ல் பூங்கா திறந்தது. 1970 ஜனவரியில் ‘லைஃப்’ பத்திரிகையின் அட்டையில் அந்தக் குரங்கு வந்தது. 1998ல் நாகானோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது உலகமே அதைப் பார்த்தது. ஆக, ஃப்ரிக் கேமராவோடு போனபோது இந்தக் குளியல் பழக்கத்துக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. என்னைவிட ஒரு பத்து, பதினைந்து வருடம்தான் மூப்பு.

இரண்டாவது வெட்டு, தீனி போடும் கை. குரங்குகள் மலையிலிருந்து இறங்கி ஆப்பிள் தோட்டங்களில் புகுந்ததும், விவசாயிகள் அவற்றைத் தொலைக்க நினைத்ததும் இந்தப் பூங்காவின் முன்கதை. தோட்டத்துக்குப் போகாமல் பள்ளத்தாக்கிலேயே இருக்கட்டும் என்றுதான் தீனி போட ஆரம்பித்தார்கள். இன்றும் ஊழியர்கள் தானியம் போடுகிறார்கள். அதனால்தான் அவை தினமும் வருகின்றன, அதனால்தான் நாமும் பார்க்க முடிகிறது. வேலி கிடையாது, ராத்திரியானால் காட்டுக்குள் போய்விடும். அந்த அளவில் காட்டுக் குரங்குதான். ஆனால் மேசையில் மனிதனும் உட்கார்ந்திருக்கிறான்.

மூன்றாவது வெட்டு, மற்றக் குரங்குகள். எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். கியோத்தோ பல்கலைக்கழகத்தின் ரஃபேலா தாகேஷிதாவும் சக ஆய்வாளர்களும் 2018ல் ‘பிரைமேட்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தக் கூட்டத்தின் 12 பெண் குரங்குகளைக் கவனித்து, அவற்றின் சாணத்தில் அழுத்த ஹார்மோனின் எச்சத்தை அளந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் குளித்த வாரங்களில் அந்த அளவு குறைவாக இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. கூட்டத்தில் உயர்ந்த படியில் இருக்கும் பெண் குரங்குகளே அதிக நேரம் குளத்தில் இருந்தன. அந்த உயர்ந்த படிக்காரிகள் சண்டைக்கும் அதிகமாகப் போகிறவர்கள். அதற்கு முந்தைய ஓர் ஆய்வு, கூட்டத்தின் பெண் குரங்குகளில் மூன்றில் ஒன்றுதான் குளித்தது என்கிறது.

இப்போது அந்தக் கண் மூடிய முகத்தைத் திரும்பப் பாருங்கள். அந்த நிம்மதி பொய் இல்லை, ஹார்மோன் அளவே சாட்சி. இதைப் படத்துக்குச் சாதகமாகவே சொல்கிறேன்: ‘குரங்குக்கு ஏது தியானம், சும்மா சூடு காயுது’ என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்த உடம்பு உண்மையிலேயே இளைப்பாறுகிறது. ஆனால் அது எல்லோருக்கும் கிடைத்த நிம்மதி இல்லை. இடம் கிடைத்தவளின் நிம்மதி. இடம் கிடைக்காதது கரையில் பனியில் உட்கார்ந்திருக்கலாம். சட்டகம் ஒரே ஒரு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால், ஒரு சமூகக் காட்சி தனிமனித ஆன்மிகக் காட்சியாகிவிட்டது. ஃபோட்டோவில் ஓரத்தை வெட்டுவது மென்பொருளில் ஒரு சொடுக்கு வேலை. ஆனால் ஒரு சொடுக்கில் பொருளே மாறிவிடுகிறது பாருங்கள்.

இன்னொரு குரங்கு

பராகாவில் குரங்கு இன்னொரு தடவையும் வருகிறது, வேறு உருவத்தில். பாலித் தீவின் கெச்சாக். இடுப்பில் கட்டம் போட்ட துணி கட்டிய ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்து, ‘சாக், சாக்’ என்று குரல் எழுப்பி, கைகளை உயர்த்தி ஆடுவார்கள். ராமாயண வானரப் படைதான் அது. நமக்குச் சட்டென்று மயிர்க்கூச்செறியும், ஏனென்றால் கதை நம்முடையது. படம் அதைக் காலமே அறியாத ஆதிச் சடங்கு போலக் காட்டுகிறது.

ஆனால் இன்று நாம் பார்க்கும் கெச்சாக் 1930களில் உருவானது. சங்யாங் என்ற பழைய அருளாட்டச் சடங்கின் குரல் பகுதியை எடுத்து, ராமாயணக் கதையைச் சேர்த்து, பார்வையாளர்களுக்கான நிகழ்ச்சியாக ஆக்கினார்கள். அங்கே வாழ்ந்த ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸுக்கும், வாயன் லிம்பாக் போன்ற பாலி ஆட்டக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 

கவனிச்சீங்களா? குளிக்கும் குரங்கு 1960களின் படைப்பு, குரங்கு ஆட்டம் 1930களின் படைப்பு. இரண்டிலும் பார்க்க வரும் வெளியூர்க்காரனுக்கு ஒரு பங்கு இருக்கிறது. இரண்டையும் ஆதியானது, தூய்மையானது என்ற வரிசையில் வைக்கிறது படம். பிற்பகுதியில் நவீன உலகம் வருகிறது. கோழிக்குஞ்சுகள் இயந்திரப் பட்டையில் கொட்டப்பட்டு ஓடுகின்றன, அதற்கு நடுவே டோக்கியோ ரயில் நிலைய ஜனக்கூட்டம். குவைத்தில் எரியும் எண்ணெய்க் கிணறுகள். முன்னது புனிதம், பின்னது வீழ்ச்சி. படத்தின் வாதமே இந்த அடுக்கில்தான் இருக்கிறது.

என் குறை இங்கேதான். குரங்குக் குளமும் கோழிக்குஞ்சுப் பட்டையும் எதிர்ப்பதங்கள் இல்லை. இரண்டும் மனிதக் கை விலங்கின் வாழ்க்கைக்குள் நுழைந்த இடங்கள். ஒன்றில் கை கொல்கிறது, இன்னொன்றில் கை விட்டுக்கொடுக்கிறது. கல் விளிம்பையும் தானியம் போடும் ஊழியரையும் ஃப்ரிக் ஒரே ஒரு காட்சியில் காட்டியிருந்தால், அந்தக் கோழிக்குஞ்சுக் காட்சி இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கும். ‘விலங்கோடு இப்படியும் வாழலாம், அப்படியும் வாழலாம்’ என்று ஆகியிருக்கும். இப்போது ‘மனிதன் இல்லாத இடத்தில் அமைதி, மனிதன் வந்த இடத்தில் நாசம்’ என்று சுருங்கிவிட்டது.

‘இது ஆவணப்படமே இல்லையே, கவிதை மாதிரி, இதில் போய் உண்மை பார்க்கலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கவிதை கற்பனையில் எழுதப்பட்டதில்லை. 24 நாடு சுற்றி, பெரிய 65 மில்லிமீட்டர் ஃபிலிமில், ‘இதோ உலகம்’ என்று காட்டுகிற படம். அது உண்மை என்பதால்தான் நாம் சிலிர்க்கிறோம். ஓவியமாக இருந்தால் அந்தக் குரங்கு நம்மை இவ்வளவு தொட்டிருக்காது. உண்மையின் பலத்தை வாங்கிக்கொண்டு உண்மையின் கணக்கைக் கேட்காதே என்றால் எப்படி?

அழகர்மலைக்கு வருவோம்

‘சரி, ஜப்பான் குரங்கைப் பற்றி வில்லாபுரத்துக்காரனுக்கு என்ன கவலை?’ கவலை இருக்கிறது. நமக்கும் குரங்கும் குளியலும் சேர்ந்த மலை ஒன்று இருக்கிறது. மதுரையிலிருந்து சுமார் 21 கிலோமீட்டரில் அழகர்கோவில். மேலே பழமுதிர்சோலை, அதற்கும் மேலே ராக்காயி அம்மன் கோயிலும் நூபுர கங்கையும். வெந்நீர் இல்லை, நல்ல குளிர்ந்த ஊற்று. திருமாலின் காற்சிலம்பிலிருந்து வந்தது என்பது ஐதீகம், அதனால் சிலம்பாறு. ஐப்பசியில் தைலக்காப்புக்கு அழகரே மலையேறிப் போய் அங்கே நீராடுகிறார். வழி முழுக்க நாட்டுக் குரங்குகள்.

இந்தக் குளியல் பயணத்துக்கு ஒரு பழைய விமர்சனமும் நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி சொல்லும்போது இந்தத் திருமால் குன்றத்தையும், அதிலுள்ள மூன்று பொய்கைகளையும் விவரிக்கிறான். ஒன்றில் குளித்தால் ஐந்திர இலக்கணம் வரும், ஒன்றில் பழம்பிறப்பு தெரியும், ஒன்றில் நினைத்தது கைகூடும். அசல் சுற்றுலா வழிகாட்டி! கவுந்தி அடிகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்களுக்கு அதெல்லாம் தேவையில்லை என்கிறார். உண்மை தவறாமல் பிற உயிரைப் பேணி வாழ்பவர்களுக்குக் கிடைக்காதது எது என்பது அவர் பதிலின் சாரம். பார்க்கப் போகும் இடத்தின் அதிசயத்தைவிட, அங்கே இருக்கும் உயிரோடு நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்பதுதான் விஷயம் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

நம் அழகர்மலைப் படங்களிலும் ரீல்ஸ்களிலும் ஜப்பானுக்கு நேர் எதிரான வெட்டு நடக்கிறது. அங்கே தீனி போடும் கையை மறைக்கிறார்கள். இங்கே கைதான் கதாநாயகன். குரங்குக்குப் பொரி கொடுக்கும் கை, பழம் நீட்டும் குழந்தை, அர்ச்சனைத் தட்டைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கைப் பார்த்துச் சிரிக்கும் குடும்பம். வெட்டப்படுவது அதற்கு அப்புறம் நடப்பது. கையிலிருந்து தின்னப் பழகிய குரங்கு, கை காலியாக இருந்தால் பையைப் பிடுங்கும். அது பல்லைக் காட்டுவதைச் சிரிப்பு என்று நினைத்து இன்னும் கிட்டப் போவோம். வண்டியிலிருந்து வீசிய வாழைப்பழத்துக்காக ரோட்டில் இறங்கிய குட்டி சக்கரத்தில் மாட்டும். கடைசியில் தொல்லை தாங்கவில்லை என்று கூண்டு வைத்துப் பிடித்து, இன்னொரு மலையில் கொண்டுபோய் விடச் சொல்லி மனு. அந்த மலையில் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்குமே என்று யாரும் கேட்பதில்லை.

ஜப்பானும் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. கோஷிமா தீவில் 1952ல் ஆய்வாளர்கள் தீனி போடத் தொடங்கியதால்தான், அடுத்த வருடமே ஓர் இளம் பெண் குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்பதைப் பார்க்க முடிந்தது. குரங்குக் கூட்டத்திலும் பழக்கங்கள் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் பரவும் என்று உலகம் பேச ஆரம்பித்தது அங்கிருந்துதான். ஆனால் தகாசகியாமாவில் தீனி ஆரம்பித்தபோது சுமார் 200 ஆக இருந்த கூட்டம், பிற்காலத்தில் 2,000ஐத் தாண்டியது. பிறகு தீனியைக் குறைக்க வேண்டி வந்தது. இன்று ஜிகோகுதானியில் பார்வையாளர் யாரும் தீனி போடக் கூடாது, தொடக் கூடாது. கை இருக்கிறது, ஆனால் ஒரே கை, அளவு தெரிந்த கை.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். உலகமே பார்த்து உருகும் ஜப்பானியக் குரங்கு, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘கவலை குறைந்தது’ என்ற வகையில் இருக்கிறது. தென்னிந்தியாவில் மட்டுமே வாழும், நாம் ‘ஏய், போ’ என்று விரட்டும் நாட்டுக் குரங்கு ‘அழிய வாய்ப்புள்ளது’ என்ற வகையில் இருக்கிறது. கர்நாடகத்தில் சாலையை அகலப்படுத்தச் சாலையோர ஆலமரங்களை வெட்டிய பிறகு, சாலையோரக் குரங்குக் கூட்டங்கள் எவ்வளவு குறைந்தன என்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். வடக்கிலிருந்து ரீசஸ் குரங்கும் மெல்ல மெல்லத் தெற்கே இடம் பிடித்து வருகிறது. கோயிலில் எப்பவும் நிறையக் குரங்கு இருப்பதைப் பார்த்துவிட்டு ‘இதுக்கென்ன குறைச்சல்’ என்று நினைப்பதுகூட சட்டகத்தின் தந்திரம்தான். தீனி கிடைக்கும் இடத்தில் கூட்டம் தெரிகிறது, மரம் போன இடத்தில் காலியானது தெரிவதில்லை.

ஒரு படத்தின் சில நிமிடக் காட்சிக்கு இவ்வளவு பெரிய பதிவா என்றால், ஆமாம். நமக்கு இரண்டே இரண்டு குரங்குப் படங்கள்தான் பழக்கம்: பனியில் கண் மூடிய ஞானி, கோயில் வாசலில் பை பிடுங்கும் திருடன். முதலாவதைப் பார்க்க லட்சம் ரூபாய் செலவு பண்ணிப் போவோம், இரண்டாவதைப் பிடிக்க மனு எழுதுவோம். இரண்டும் ஒரே பேரினத்து விலங்கு, இரண்டுக்கும் மனிதன்தான் தீனி போட்டான். ஒன்றின் படத்தில் அவனை வெளியே தள்ளினோம், மற்றதன் படத்தில் அவன் செய்ததன் விளைவை வெளியே தள்ளினோம். தள்ளியதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து பார்த்தால், ஞானியும் இல்லை, திருடனும் இல்லை. நம்மோடு இடத்துக்கும் சோற்றுக்கும் பேரம் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரன்தான் மிஞ்சுகிறான்.

பராகாவைக் கட்டாயம் பாருங்கள். 2008ல் மூல ஃபிலிமை 8கே தரத்தில் ஸ்கேன் செய்து வட்டாக வெளியிட்டிருக்கிறார்கள், முடிந்தால் பெரிய திரையில் அதைப் பாருங்கள். குரங்கு கண்ணை மூடும் இடத்தில் நீங்கள் மட்டும் கண்ணைத் திறந்து வைத்து, தண்ணீரின் ஓரம் எங்கே என்று தேடுங்கள். அழகர்கோவிலுக்குப் போனால் பொரிப் பொட்டலத்தை மட்டும் வாங்காதீர்கள். மற்றபடி நூபுர கங்கையில் தாராளமாகக் குளிக்கலாம். மார்கழியில் தண்ணீர் நல்லாவே குளிரும்.